சுவா சூ காங்குக்குப் போன கைதட்டல்

இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு செப்டம்பர் மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தில் அறுநூறு பேர் தட்டிய கைதட்டல் அந்த மண்டபத்தில் கேட்கவில்லை. அது சுவா சூ காங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பதினோராம் மாடிச் சமையலறையில் கேட்டது. அன்றைக்குத் தேக்கா சந்தையில் வஞ்சிரம் கிலோ விலை இருபத்தாறு வெள்ளி. மீன் வாங்கினவர்களுக்குக் கறிவேப்பிலை சும்மா. மூன்று தகவலும் விசாரித்துச் சரிபார்க்கப்பட்டவை. கறிவேப்பிலை விஷயத்தில் மட்டும் கடைக்காரர்களுக்குள் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு.

விருது விழா அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. பாடம் நடத்துகிறவர்களுக்கும் அலுவலகம் நடத்துகிறவர்களுக்கும் ஒரே மேடை, ஒரே மாதிரிக் கண்ணாடிக் கேடயம், சிற்றுண்டிக்கு ஒரே கறிபஃப். பெயரைக் கூப்பிடுவார்கள், மூன்று நிமிடப் பாராட்டுரை வாசிப்பார்கள், தலைவர் கேடயத்தைக் கொடுப்பார், எல்லோரும் தட்டுவார்கள். அந்த ஆண்டு ஒன்பது விருதுகள். சிறந்த ஆய்வாளர் விருது தாவரவியல் பேராசிரியை ரஷீதாவுக்கு. கொளுத்தும் வெயிலையும் உப்புத் தண்ணீரையும் தாங்கி வளரும் ஒரு தண்டுக்கீரையை அவர் உருவாக்கியிருந்தார். பாராட்டுரை முடிந்தது, அறுநூறு ஜோடிக் கைகள் எழுந்தன, சேர்ந்தன, பிரிந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் மீன்கள் வாயைத் திறந்து மூடுவதைப் போல இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தட்டியவர்கள் தங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள்; சிவந்துதான் இருந்தது. ரஷீதா புன்னகை மாறாமல் கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கினார். தன்னை யாருக்கும் பிடிக்காது போலிருக்கிறது என்று அவர் அன்று நினைத்துக்கொண்டதை நாலு வருடம் கழித்துத்தான் வெளியே சொன்னார். மண்டபத்தில் கோளாறு என்றும் சொல்ல முடியாது. அடுத்து மேடையேறியவர் காவலாளி இப்ராஹீம். இருபத்திரண்டு வருடமாகப் பரீட்சையில் தோற்று அழுதுகொண்டு வெளியே வரும் பிள்ளைகளைப் பேச்சுக் கொடுத்தே பேருந்து நிறுத்தம் வரை கூட்டிப்போனவர். அவருக்குத் தட்டியது ஜன்னல் கண்ணாடி அதிரக் கேட்டது.

சமையலறை விவரம் இது. பதினோராம் மாடியில் பெட்டி என்று ஞானஸ்நானப் பெயர் கொண்ட அம்மாள், அப்போது ஐம்பத்தெட்டு வயது, மீன் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தார். திறந்த அதே நொடியில் நாலு சுவரிலிருந்தும் கைதட்டல் எழுந்தது. அரை நிமிடம் நீடித்தது. பெட்டி திடுக்கிடவில்லை. மூடியைக் கீழே வைத்தார், கையை முந்தானையில் துடைத்தார், குழம்பை ஒருமுறை பார்த்தார், பிறகு தலையைக் கொஞ்சமாகக் குனிந்து ஏற்றுக்கொண்டார். முப்பத்துநாலு வருடமாகச் சமைக்கிறவருக்கு அது ஒன்றும் அதிகமாகத் தோன்றவில்லை, தாமதமாகத்தான் தோன்றியது.

ஏனென்றால் அந்த முப்பத்துநாலு வருடத்தில் அவர் சமையலை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கணவர் சிலுவைராஜுக்கு இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் இடியும் லாரி ஹாரனும் மட்டும் விழும். இருபது வருடம் புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டியிருந்ததன் வரும்படி அது. தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாததால் அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். காது கேட்கும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதை மைலோ டின்னுக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். சாப்பிடுவார், கை கழுவுவார், செய்தித்தாளை எடுப்பார். சட்டி காலியாவதை வைத்துத்தான் பெட்டி நாளைக் கணித்தார். காலிச் சட்டி நல்ல சாட்சிதான், ஆனால் அது வாய் திறப்பதில்லை.

சிலுவைராஜ் வேலை பார்த்தது ஒரு தோட்டக் குத்தகைக்காரரிடம். அவர்கள் அவரைக் கிராஞ்சியில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஆராய்ச்சித் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். காலையில் கிராஞ்சி ரயில் நிலையத்து வாசலில் லாரி நிற்கும். ஏறினால் மாலை ஐந்தரைக்குத்தான் அதே வாசலில் இறக்கிவிடும். பேராசிரியை ரஷீதாவின் கீரைப் பாத்திகள் அங்கேதான் இருந்தன. இரண்டாயிரத்துப் பதினாறு ஏப்ரலில் வெயில் கொளுத்தியபோது நாற்றுகள் பாத்தி பாத்தியாகச் சுருண்டு விழுந்தன. கடைசி நாற்றுத் தட்டைக் கொட்டிவிடச் சொன்னார்கள். சிலுவைராஜுக்குக் கொட்ட மனம் வரவில்லை. மடியில் வைத்து லாரியில் கொண்டுபோனார். ஐந்து வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தபோது அதில் நாலு செடி நிமிர்ந்து நின்றன. இன்று தேக்காவில் கட்டுக் கட்டாக விற்கும் கீரை அந்த நாலின் வாரிசுதான். ஆய்வுக் கட்டுரையில் அந்த ஐந்து வாரத்துக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள்: நாற்றுகள் தற்காலிகமாக வேறிடத்தில் பராமரிக்கப்பட்டன. வேறிடத்தில் இருந்த பெட்டி அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு வீணாய்ப்போன கீரைத் தட்டு ஐந்து வாரம் கிடந்தது, அரிசி கழுவின தண்ணீரைக் கீழே கொட்டவிடாமல் எல்லாவற்றையும் அதுவே குடித்தது என்பதுதான் அவருக்கு நினைவு.

கைதட்டலும் நிற்கவில்லை. கீரைக்கு விருதுகள் வந்துகொண்டே இருந்தன: மறு ஆண்டு குழுப் பணி விருது, அப்புறம் அதை வைத்துப் பாடம் நடத்தியதற்குக் கற்பித்தல் விருது, புத்தாக்க விருது. ரஷீதா மேடையேறும்போதெல்லாம் மண்டபம் ஊமையாகும், பதினோராம் மாடி அதிரும். கொரோனா வந்த இரண்டு ஆண்டும் விழாவைக் கணினித் திரையில் நடத்தினார்கள். அவரவர் வீட்டிலிருந்து கைதட்டும் மஞ்சள் படத்தை அழுத்தினார்கள். பெட்டியின் சமையலறையில் அது கடுகு வெடிப்பதைப் போலக் கேட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் யார்தான் முழுசாகத் தட்டுவார்கள் என்று அவர் பொறுத்துக்கொண்டார். செப்டம்பர் மூன்றாம் வெள்ளி என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அன்று காலையிலேயே நியூட்டனில் ரயில் மாறித் தேக்காவுக்குப் போய் வஞ்சிரம் வாங்குவார், நல்ல சேலை உடுத்துவார், நாலு பன்னிரண்டுக்கு மூடியைத் திறப்பார். ஆண்டில் அரை நிமிடம். அது போதுமானதாக இருந்தது. இப்படிப் பாராட்டை வாங்கிக்கொள்வது பாவமா என்று ஒருமுறை பாதிரியாரிடம் கேட்டார். பாவமில்லை, பெருமை மட்டும் கூடாது என்ற பாதிரியார், எழுந்துபோனவரைத் திரும்பக் கூப்பிட்டு, என்ன மீன் என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு ஆமினா பீவிக்குத்தான் பொறுக்கவில்லை. ஐந்தாம் ஆண்டு கம்பிக் கதவோரம் வந்து நின்றார்.

"என்ன பெட்டியக்கா, வருசா வருசம் உங்க வீட்ல மட்டும் கச்சேரி?"

"குழம்புக்குத் தட்றாங்க ஆமினா. நான் என்ன பண்ணட்டும்?"

"நானுந்தான் இருவது வருசமா பிரியாணி போடறேன். ஒரு விரல் சொடக்கு கூட கேக்கலயே லா!"

"உப்பு பாத்துப் போடு, வரும்."

ஆமினா பீவி நகர மன்றத்துக்குப் புகார் எழுதினார். சத்தம் தொல்லை என்று எழுதவில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் வருவது நியாயமில்லை, மாடியில் எல்லோருக்கும் பகிர்ந்து விடவேண்டும் என்று எழுதினார். வந்த அதிகாரியின் படிவத்தில் மராமத்து, நாய், மாஜோங் ஆட்டம், கரோக்கே பாட்டு என்று நாலு கட்டம் இருந்தது. கைதட்டலுக்குக் கட்டம் இல்லாததால் புகாரை இணையத்தில் 'இதர' என்ற பகுதியில் ஏற்றிவிட்டுப் போனார்.

பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. ஒலி நிபுணர்களைக் கூப்பிட்டார்கள். கம்பளத்தை மாற்றினார்கள், கூரையை மாற்றினார்கள், கறிபஃப் கடையையும் மாற்றினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் மனிதவளப் பிரிவில் கேட்லின் என்ற இருபத்தாறு வயதுப் பெண் வேலைக்குச் சேர்ந்தாள். விருதுப் படிவங்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. அவள் வீடு தெம்பனிஸில். அதே மாடியில் பூவம்மா என்ற ஓய்வுபெற்ற அம்மாள் இருந்தார். பத்தொன்பது வருடம் பல்கலைக்கழகத்தில் ஒரு பீடத் தலைவரின் செயலாளராக இருந்து அவருடைய அறிக்கைகள் அத்தனையையும் எழுதியவர். அந்த ஆண்டு விழாவில் அந்தப் பீடத் தலைவர் நிர்வாக விருது வாங்கியபோதும் மண்டபம் ஊமையானது. அதே நேரத்தில் பூவம்மா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நடைபாதையில் கைதட்டல் கேட்டது. மாடிக்காரர்கள் சொல்லக் கேட்டு, அது எதற்கு என்று கேட்லின் விசாரித்தபோது, "நான் எழுதுன ரிப்போர்ட்டுக்கும்மா, வேற எதுக்கு? லேட்டானாலும் வந்துச்சே" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தொட்டிக்குப் போனார். பல லட்சம் வெள்ளி விலையுள்ள கம்பளத்துக்குத் தெரியாதது கேட்லினுக்கு அங்கே தெரிந்தது. சத்தம் தொலைவதில்லை, சேரவேண்டிய இடத்துக்குப் போகிறது. பிறகு இணையத்தில் தேடினாள். நகர மன்றத்து 'இதர' பகுதியில் ஆமினா பீவியின் புகார், தேதியோடும் நிமிடத்தோடும் காத்திருந்தது.

கேட்லின் ஒரு சனிக்கிழமை பெட்டியின் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நான் யூனிவர்சிட்டியில இருந்து வர்றேன். உங்க வீட்ல வர்ற அந்த சவுண்ட் எங்களோடதுன்னு நினைக்கிறேன்."

"உங்களோடதா? என் குழம்புக்குல்ல வருது."

"இல்ல ஆன்ட்டி. ப்ரொஃபசர் ரஷீதாவோட கீரைக்கு அவார்ட் குடுக்கும்போது வருது. இந்த அட்ரஸ்ல யாராச்சும் கிராஞ்சி தோட்டத்துல வேலை செய்றாங்களா?"

பெட்டி எழுந்தார். அடுப்பைச் சின்னதாக்கினார். கூடத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்து உட்கார்ந்திருந்த சிலுவைராஜைக் காட்டினார். "அவருதான். அப்ப அது அவருக்கு வந்தது. அவருக்குக் காது கேக்காதும்மா. அதான் அவருக்குத் தெரியல, நான் எடுத்துக்கிட்டேன்." அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைத் தெரியாமல் பிரித்துவிட்டவர் சொல்வதைப் போல அதைச் சொன்னார். கேட்லின் எழுதிக்கொண்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. சிலுவைராஜ் எப்போதும் போல முழுவதும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

இங்கே ஒரு தப்பு நடந்ததைக் குறித்துவைக்க வேண்டும். பல்கலைக்கழகக்காரர்கள் செய்யக்கூடிய தப்புதான். முகவரியைக் கண்டுபிடித்தவுடன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார்கள். அந்த முகவரியில் தோட்டத்து வேலையாள் ஒருவர் இருக்கிறார், பிறகென்ன என்று கோப்பை மூடினார்கள். பேராசிரியை ரஷீதாதான் முன்மொழிவை எழுதினார். தன்னை எல்லோருக்கும் பிடிக்கும், சத்தம்தான் வழிமாறிப் போயிருக்கிறது என்று தெரிந்ததில் அவருக்குப் பாதி நிம்மதி. நாலு செடியைக் காப்பாற்றியவர் பெயரை ஒரு வரியில் மறைத்துவிட்டோமே என்று மீதிப் பாதி தூங்கவிடவில்லை. ஆனால் கணினி சிலுவைராஜை ஏற்கவில்லை. பணியாளர் எண் என்ற கட்டத்தில் அவருக்கு எண் கிடையாது. அவர் குத்தகைக்காரரின் ஆள். அடுத்த டிசம்பரோடு அந்தக் குத்தகை ஒப்பந்தமும் முடிவதாக இருந்தது. ரஷீதா ஏழு கூட்டங்களில் உட்கார்ந்து, எண் இல்லாதவர்களுக்கும் விருது உண்டு என்று ஒரு புது விதி வாங்கினார். பிறகு கிராஞ்சிக்குப் போய்ப் பாத்திக்கு நடுவே நின்று சிலுவைராஜின் வலது காதுக்குள் கத்தினார். மூன்று பாத்தி தள்ளி நின்றவர்கள் அவருக்குப் புரியும் முன்னாலேயே வாழ்த்துச் சொன்னார்கள்.

இரண்டாயிரத்து இருபத்துநாலு செப்டம்பர் மூன்றாம் வெள்ளி. பெட்டி மைலோ டின்னைத் திறந்து கருவியை எடுத்தார், புது பேட்டரி போட்டார், கணவர் காதில் தானே பொருத்தினார். "இன்னைக்கு ஒருநாளாச்சும் கேளுங்க. உங்களுக்குத் தட்றது." விருந்தினருக்கு இரண்டு இருக்கை ஒதுக்கியிருந்தார்கள், பெட்டி வரமாட்டேன் என்றுவிட்டார். ஆறு வருடப் பழக்கத்தில் சத்தம் தவறி வீட்டுக்கு வந்துவிட்டால் யார் இருந்து திருப்பி அனுப்புவது என்பது அவர் கேள்வி. சிலுவைராஜ் வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார், தன் குரல் தனக்கே கேட்டதில் கூச்சப்பட்டு மூடிக்கொண்டார்.

மண்டபத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள். ரஷீதாவே பாராட்டுரை வாசித்தார். நாலு பன்னிரண்டுக்குத் தலைவர் கேடயத்தைக் கொடுத்தார், அறுநூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஓர் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. சிலுவைராஜ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தார். கருவியைக் கழற்றி ஊதினார், சட்டையில் துடைத்தார், திரும்ப மாட்டினார். குளிர்சாதனத்தின் உறுமல் தெளிவாகக் கேட்டது. ரஷீதாவின் முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, மன்னிச்சிருங்க. மறுபடியும் வீட்டுக்குப் போயிருச்சு போல."

"எத்தன மணிக்கு டாக்டரம்மா வரும் அது, எப்பவும்?"

"இதே நேரந்தான். வெள்ளிக்கிழமை, நாலு பன்னெண்டு."

சிலுவைராஜ் யோசித்தார். அறுநூறு பேர் காத்திருந்தார்கள். பிறகு ஒலிபெருக்கிக்கு அருகில் போய், பல வருடங்களுக்குப் பிறகு தன் குரலைத் தானே கேட்டபடி நீளமாகப் பேசினார். "வெள்ளிக்கெழம நாலு மணிக்கு நான் என்னைக்குமே வீட்ல இருந்ததில்லங்க. அந்நேரம் கிராஞ்சியில இருப்பேன். எனக்குன்னா அது அங்கதான வந்திருக்கணும்? வீட்ல இருக்கறது பெட்டி. நான் அந்தத் தட்டத் தூக்கிட்டுப் போனேன், தூக்கிட்டு வந்தேன். அரிசி கழுவுன தண்ணிய ஊத்தி, திட்டித் திட்டிப் பொழைக்க வச்சது அவ. அவளுக்குத்தான் தட்றீங்க. நல்லாத் தட்டுங்க." சொல்லிவிட்டுத் தானும் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினார். மண்டபம் அதுவரை தட்டாத விதத்தில், ஒரு துளிச் சத்தமில்லாமல் தட்டியது.

பதினோராம் மாடியில் பெட்டி நல்ல சேலையில், அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. நாலு பன்னிரண்டுக்கு அது வந்துவிட்டது. பெட்டி பதறிப்போய்க் கைகளை ஆட்டினார். "இங்க இல்லப்பா, அவரு அங்கதான் இருக்காரு. மேடையில இருக்காரு, அங்க போங்க." அது போகவில்லை. ஓய்வதைப் போல ஓய்ந்து, முன்பைவிடப் பெரிதாக மறுபடியும் எழுந்தது. அலமாரியில் தட்டுகள் குலுங்கின. கம்பிக் கதவுக்கு வெளியே ஆமினா பீவி இடுப்பில் கை வைத்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரை அக்கா தொரத்துறீங்க? உங்களுக்கு வந்தது, அதான் போகமாட்டேங்குது."

பெட்டி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அரை நிமிடக் கைதட்டல் அன்று நாலு நிமிடம் நீடித்தது. கடைசி நிமிடத்தில் ஆமினா பீவியும் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் கம்பியைத் தட்டினார்.

அடுத்த ஆண்டிலிருந்து விருதுப் படிவத்தில் கேட்லின் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறாள்: ஓசை சேரவேண்டிய முகவரி. பூர்த்தி செய்யாமல் விட்டால் கணினி படிவத்தை ஏற்காது. நிறையப் பேர் மனைவியின் முகவரியைப் போடுகிறார்கள், சிலர் சிற்றுண்டிச்சாலை அக்காவின் முகவரியைப் போடுகிறார்கள், பொய் முகவரி போட்டவர்களுக்கு அது சரியான இடத்துக்கே போய்விடுகிறது. விழா மண்டபத்தில் அமைதி நிலவினால் இப்போது யாரும் திகைப்பதில்லை; யார் வீட்டுக்கோ போயிருக்கிறது என்று கறிபஃப் எடுக்கப் போகிறார்கள். ரஷீதாவுக்குச் சென்ற ஆண்டு மாணவர்கள் கொடுத்த விருதின்போது மண்டபத்திலேயே கேட்டது. அவர் மேடையில் அழுதார், படம் இருக்கிறது.

விருது வாங்கிய அந்த வெள்ளிக்கிழமை சிலுவைராஜ் கேடயத்தை ஒரு பேரங்காடிப் பையில் போட்டுக்கொண்டு ஆறரைக்கு வீடு வந்தார். கருவியைக் கழற்றவில்லை. பெட்டி சோறு போட்டார், வஞ்சிரம் இரண்டு துண்டு, ஓரத்தில் அந்தக் கீரை. முழுவதும் சாப்பிட்டார். கை கழுவினார். செய்தித்தாளை எடுக்கவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்று, ஈரக் கையோடு இரண்டு தடவை தட்டினார். அது எங்கும் போகவில்லை. அங்கேயே கேட்டது, இருவருக்கும்.

இப்போது தினமும் தட்டுகிறார். ரசம் வைத்த நாளில் மட்டும் ஒரு தட்டுதான். பெட்டி அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மறுநாள் புளியைக் குறைக்கிறார்.